கல்லும் வழக்குரையும்

2014ஆம் ஆண்டு மே மாதத்தில், 2001 செப்டெம்பர் 11ஆந் திகதி நிகழ்ந்த அனர்த்தத்தின் நினைவாக நியூயோர்க் நகரில் அமைக்கப்பெற்ற அரும்பொருளகம் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. அதனுள்ளே ஒரு விற்பனைக் கடையும் இருந்தது. அங்கு வைக்கப்பட்டிருந்த பண்டங்களுள் ஒன்று, விருந்துகளிற் பாற்கட்டித் துண்டுகளைப் பரிமாறுதற்குரிய பீங்கான் தட்டு. ஐக்கிய அமெரிக்காவின் தேசப்படத்தைப் போன்று அது வார்க்கப்பட்டிருந்தது. விமானங்கள் வீழ்ந்த மூன்று இடங்களிலும் சின்னஞ்சிறு இருதய வடிவங்கள் பொறிக்கப்பட்டிருந்தன. பத்திரிகைகள் கொதித்தெழுந்தன. இறந்தோரின் உறவினர் மனம் வெதும்பினர். சில நாட்களுள் அத்தட்டு அகற்றப்பட்டது. அத்துடன் விவகாரமும் ஓய்ந்தது.

தட்டு அகன்றது, கடை அகலவில்லை. தேநீர்க் குவளைகளும், சட்டைகளும், சாவிக் கோவைகளும், மீட்புப் பணியில் ஈடுபட்ட நாய்களைப் போலத் தைக்கப்பட்ட பஞ்சுப் பொம்மைகளும் விலைப்பட்டுக்கொண்டேயிருந்தன. அரும்பொருளகத்தின் நுழைவுக் கட்டணம் தொடக்கத்தில் 24 டொலராக இருந்தது. பின்னர் அது பன்முறை உயர்ந்தது. ஒரு தட்டினைக் கண்டு வெகுண்டவர்கள் ஏனையவற்றைக் கண்டு ஏன் அமைதியடைந்தனர்? அவர்கள் கையாண்ட அளவுகோல் யாது? இவ்வினாக்களே இக்கட்டுரைக்குப் பொருளாவன.

அளவுகோல் 'சுவை' என்பதாகும். தட்டினைக் கண்டித்தோர் பெரும்பாலும் அதனைச் சுவைக்கேடு என்றனர். சுவை என்பது நாகரிகமுடைய நடுத்தர வர்க்கத்தினரின் அளவுகோல். எதனை விற்கலாம் என்பதை அது கேட்பதில்லை, எவ்வளவு நாசூக்காக விற்கவேண்டும் என்பதையே கேட்கின்றது. ஆகவே அதன் தண்டனைக்கு முதலில் இலக்காவோர் நாசூக்கறியாத சில்லறை வியாபாரிகள். இடிபாடுகளைச் சுற்றிய வேலியோரத்திலே படப் புத்தகம் விற்ற நடைபாதை வியாபாரிகளைப் பற்றி எத்துணை எழுதினார்கள்! அவர்களிடம் எதனையும் வாங்கவேண்டாமென அறிவித்தற் பலகைகளும் நாட்டப்பட்டன. அவ்வியாபாரிகளைத் தியாகிகளாக்க நான் முனையவில்லை. ஆயினும் வேலிக்கு வெளியே குற்றமாயிருந்த வியாபாரம், வேலிக்குள்ளே கண்ணாடிக் கதவும் குளிர்சாதனமும் பெற்றபோது 'நினைவைப் பேணுதல்' ஆகிவிட்டமை கவனித்தற்குரியது.

நாசூக்கற்றவர்களின் கதைகள் பலவுள. 2004இல் ஒரு நாணய வியாபார நிறுவனம், இடிபாடுகளின் கீழிருந்த பெட்டகங்களிலிருந்து மீட்கப்பட்ட வெள்ளியிற் செய்த நாணயமெனத் தொலைக்காட்சியில் விளம்பரஞ்செய்து, ஒன்றினை 19.95 டொலருக்கு விற்றது. நியூயோர்க் மாநிலச் சட்டமா அதிபர் நீதிமன்றஞ் சென்று அவ்விற்பனையை நிறுத்தவேண்டியதாயிற்று. 2013இல் ஒரு தொலைபேசிக் கம்பனி, கோபுரங்களின் நினைவாக வானில் ஏற்றப்படும் இரட்டை ஒளிக்கற்றையைத் தன் கைத்தொலைபேசியின் திரைக்குள் அடக்கிப் படம் வெளியிட்டது. 2016இல் டெக்சாஸ் மாநிலத்து மெத்தைக் கடையொன்று, இரு மெத்தை அடுக்குகள் சரிந்து விழுவதாக ஒரு விளம்பரப் படமே எடுத்தது. அதே மாதத்தில் புளோரிடாவிலுள்ள பேரங்காடி ஒன்றில் மென்பானப் பெட்டிகள் இரட்டைக் கோபுரங்களாக அடுக்கப்பட்டன. அனைவரும் பின்னர் மன்னிப்புக் கோரினர், அல்லது பொருளை மீட்டுக்கொண்டனர். இவர்களைப் பற்றி இதற்குமேல் எழுதுவது வீண்.

இனி நாசூக்குடையவர்களைக் காண்போம். அனர்த்தம் நிகழ்ந்து ஆறு நாட்களின் பின், செப்டெம்பர் 17ஆந் திகதி, பங்குச் சந்தை மீண்டுந் திறக்கப்பட்டது. அந்த வாரத்திலேயே நாட்டின் மிகப் பெரிய மோட்டார்க் கார் உற்பத்தி நிறுவனம், அமெரிக்காவை ஓடவைப்போம் எனும் கருத்தமைந்த முழக்கத்துடன், வட்டியற்ற கடனில் கார்களை விற்கத் தொடங்கிற்று. 27ஆந் திகதி சிக்காகோ விமான நிலையத்தில் உரையாற்றிய ஜனாதிபதி ஜோர்ஜ் புஷ், விமானங்களில் ஏறுமாறும் குடும்பத்தோடு புளோரிடாவின் டிஸ்னி வேர்ல்ட் களியாட்ட நகருக்குச் செல்லுமாறும் மக்களைக் கேட்டுக்கொண்டார். கடைகளிலே தேசியக் கொடிகள் தீர்ந்துபோயின. அவற்றுட் பல சீனத்துத் தொழிற்சாலைகளிலே தைக்கப்பட்டவை. பின்னாளிற் கேலிக்குள்ளாயினும், அந்நாட்களில் இவையெல்லாம் தேசபக்தி எனவே போற்றப்பட்டன. மெத்தைக் கடைக்காரன் சிரித்துக்கொண்டு விற்றான். கார் முதலாளி கண்ணீர் மல்க விற்றார். இருவர் கல்லாவிலும் விழுந்த பணத்தில் யாது வேறுபாடு?

வியாபாரம் இழிவானது என்று கூறி முடித்துவிடுவது என் நோக்கமன்று. அதனைச் சமயப் பிரசங்கியாரும் செய்வர். துயரம் பண்டமாகும்போது அத்துயரத்தின் உள்ளடக்கத்திற்கு என்ன நேர்கின்றது என்பதே விமரிசகன் ஆராயவேண்டியது. அதற்கு அவ்வரும்பொருளகத்தையே ஒரு நூலாகக் கொண்டு படித்தல் தகும்.

நிலத்தின் மேலுள்ள நினைவிடம் 2011இல் திறக்கப்பட்டது, அதற்குக் கட்டணமில்லை. கோபுரங்கள் நின்ற இரு சதுரங்களிலும் நீர் வீழ்ந்துகொண்டிருக்க, விளிம்பு நெடுகிலும் வெண்கலத்தில் 2,983 பெயர்கள் துளைக்கப்பட்டுள்ளன: 2001இல் மடிந்த 2,977 பேரும், அதே இடத்தில் 1993இல் நிகழ்ந்த குண்டுவெடிப்பில் இறந்த அறுவரும். பெயர்கள் அகர வரிசையிலோ பதவி வரிசையிலோ அமையவில்லை. நண்பர் பக்கத்தில் நண்பரும், உடன் பணியாற்றியவர் பக்கத்தில் உடன் பணியாற்றியவருமாக, உறவினரின் வேண்டுகோளின்படி அவை அடுக்கப்பட்டன. இது உயர்ந்த அமைப்பு எனவே நான் கருதுகின்றேன். குறை கூறுவதற்கென்றே இதனிடத்தும் குறை காண்பது நேர்மையாகாது.

நிலத்தின் கீழே இறங்கும்போதுதான் நூலின் தொனி மாறுகின்றது. அங்கு ஒரு பெருஞ் சுவர். அதன்மீது ஸ்பென்சர் பிஞ்ச் என்னும் ஓவியர் 2,983 நீலச் சதுரங்களை வரைந்து பதித்துள்ளார். அன்று காலையில் வானம் எத்தகைய நீலமாயிருந்தது என நினைவுகூர முயன்றதன் விளைவு அது. ஒவ்வொரு சதுரமும் வேறு வேறு நீலம். ஒருவர் நினைவு போல் மற்றொருவர் நினைவு இராது என்பதனை இத்துணை அடக்கமாகக் காட்டும் ஓவியங்கள் மிகச் சில. ஆயின் அந்நீலங்களின் நடுவே, கோபுரங்களின் உருக்கிலிருந்து அடித்து வார்த்த பேரெழுத்துக்களில், உரோமக் கவி வேர்ஜிலின் 'ஈனீட்' காவியத்திலிருந்து ஒரு வரி பொருத்தப்பட்டுள்ளது. இறந்தோரை மறதி தீண்டாது என்னும் கருத்தமைந்த வரி அது. வந்து நிற்பவர் படமெடுத்துக்கொண்டு செல்வர். எடுத்துக்கொண்டு செல்வதற்கு ஏற்றதாகவே அது அமைக்கப்பட்டுள்ளது.

அவ்வரி யாரைப் பற்றியது? காவியத்தின் ஒன்பதாங் காண்டத்தில் நைசஸ், யூரியாலஸ் என்னும் இரு இளைஞர், இரவிலே பகைவர் பாசறையுட் புகுந்து, மதுவுண்டு உறங்குவோரைக் கொன்று குவிக்கின்றனர். இளையவன் யூரியாலஸ் கொள்ளைப் பொருளில் ஆசை கொண்டு, மடிந்த வீரரின் அணிகளையும் ஒரு தலைச்சீராவையும் எடுத்து அணிந்துகொள்கிறான். அச்சீராவின் மினுக்கமே இருளில் அவனைக் காட்டிக்கொடுக்கின்றது. இருவரும் மாண்டபின் கவி அவர்களை வாழ்த்துகிறார். உறங்கியோரைக் கொன்றவர்க்குரிய வாழ்த்தினை, காலையில் வேலைக்கு வந்திருந்து கொல்லப்பட்டவர்களின் தலைமாட்டிலே பொறித்தல் தகுமா என 2011இலேயே கரோலைன் அலெக்சாண்டர் என்னும் எழுத்தாளர் 'நியூயோர்க் ரைம்ஸ்' இதழில் வினவினார். சுவர் மாறவில்லை.

சூழலிலிருந்து பிரித்தெடுத்த ஒரு வரிதானே, அழகாயிருந்தாற் போதாதா எனச் சிலர் கூறலாம். பிரித்தெடுத்தல் என்பதே பண்டத்தின் இலக்கணமாகும். ஒரு வரி தான் பிறந்த காவியத்தினின்றும், ஒரு சாவு தான் நிகழ்ந்த காரணத்தினின்றும் கத்தரிக்கப்பட்டால்தான் குவளையில் அச்சிடுதற்கு அது இணங்கும். ஆயினும் கத்தரித்த வரி பழிவாங்கிவிட்டது. அந்த வாழ்த்திலே வேர்ஜில் ஒரு நிபந்தனையையும் வைத்துள்ளார்: உரோமாபுரியின் ஆட்சி நிலைக்கும் வரையிலுமே அவ்விளைஞரின் புகழும் நிலைக்கும். நினைவின் ஆயுளைப் பேரரசின் ஆயுளோடு பிணைத்துப் பாடியவர் அவர். சுவரிலே அந்நிபந்தனை பொறிக்கப்படவில்லை. பொறிக்காமலே அது நிறைவேறிற்று என்பதனைப் பின்னர்க் காண்போம்.

அச்சுவரின் பின்னே ஓர் அறையுண்டு. இன்னாருடையவை என அடையாளங் காணப்படாத உடலெச்சங்கள் அங்கு வைக்கப்பட்டுள்ளன. 2014 மே 10ஆந் திகதி அவை அங்குக் கொண்டுவரப்பட்டபோது, உறவினருட் சிலர் வாயில் கறுப்புத் துணி கட்டி நின்று எதிர்ப்புத் தெரிவித்தனர். எம்மவரின் எச்சங்கள் காட்சிசாலையின் நிலவறைக்கு உரியனவல்ல என்பது அவர்கள் வாதம். திறப்பு விழாவை ஒட்டி அரும்பொருளகத்தில் நன்கொடையாளர்க்கு மதுவுடன் கூடிய இரவு விருந்து நடைபெற்றபோது அவர்கள் மீண்டும் குமுறினர். கட்டடத்தின் ஆண்டுச் செலவு பெரிது. கட்டணமும் நன்கொடையும் கடை வருவாயுமின்றி அதனை நடத்தல் இயலாது என்பது நிருவாகத்தின் மறுமொழி. மறுமொழியிற் பொய்யில்லை. ஆயின் இந்நினைவின் பெயரால் நடைபெற்ற இரு போர்களுக்கு இலட்சங் கோடிக் கணக்கில் டொலர்களைக் கொட்டிய அரசு, இறந்தோர் துயிலுமிடத்தைக் கடை வருவாயில் விட்டமைக்குக் காரணம் பணமின்மையாக இருக்க முடியாது.

இவ்விடத்தில் நம் இலக்கிய மாணாக்கர்க்குச் சிலப்பதிகாரத்தின் வஞ்சிக்காண்டம் நினைவுக்கு வருதல் இயல்பு. வகுப்பறையில் அக்காண்டத்தை நாம் செங்குட்டுவனின் வீரத்திற்குச் சான்றாகவே பெரும்பாலும் படிப்பித்து வருகின்றோம். காட்சி, கால்கோள், நீர்ப்படை என நடுகல்லுக்குத் தொல்காப்பியங் கூறும் துறைகளை விரல்விட்டு எண்ணச் செய்து, பரீட்சைக்கு ஆயத்தமாக்கிவிடுகின்றோம். சற்று நிதானித்துப் படித்தால் வேறொரு கதை தெரியும். கண்ணகியை முதலில் நினைவுகூர்ந்தவர் யார்? வேங்கை மரத்தின் கீழ் நின்ற அவளைக் கண்ட குன்றக் குறவர். அவர்கள் கல்லைத் தேடவில்லை. கையிலிருந்த தொண்டகத்தையும் சிறுபறையையும் முழக்கிக் குரவையாடினர். அரசன் அதன்பின்னரே வருகின்றான். பொதியிலிற் கல்லெடுத்துக் காவிரியில் நீராட்டலாம், அல்லது இமயத்திற் கல்லெடுத்துக் கங்கையில் நீராட்டலாம் என்ற இரு வழிகள் அவன் முன் வைக்கப்படுகின்றன. அண்மையிலுள்ள பொதியில் தன் மறத்திற்குச் சிறப்பாகாது எனச் சேரன் கருதுகின்றான். ஆகவே வடநாட்டுப் போர். ஆகவே கனக விசயர் தலைமேற் கல்.

கண்ணகியின் வழக்கு மதுரை அரசவைக்கு எதிரானது. ஆராயாது கொலைத்தண்டம் விதித்த ஓர் ஆட்சியை அவள் கேள்வி கேட்டாள். வஞ்சிக்காண்டத்திலே அக்கேள்வி எங்கே? தமிழ் வேந்தரின் ஆற்றலை இகழ்ந்த வடபுலத்து மன்னர்மேல் எடுத்த படையெடுப்பிலே அது கரைந்துபோயிற்று. கணவனை இழந்த ஒருத்தியின் துயரம், அவளறியாத ஊரில், அவளுக்குத் தீங்கிழைக்காத மக்களின்மேற் செலுத்தப்பட்டது. இளங்கோ இதனை அறியாமற் பாடினாரென நான் நினைக்கவில்லை. தவவேடத்தில் ஓடியோரைப் பிடித்து வந்ததைச் சோழனும் பாண்டியனும் எள்ளியதாக அவரே நடுகற் காதையில் வைத்திருக்கின்றார். சேரன் வெகுள, மாடலன் அவனை அடக்குகின்றான். நம் உரைகாரரும் மேடைப் பேச்சாளரும் அந்த எள்ளலை அவ்வளவாகப் பொருட்படுத்தவில்லை என்பது வேறு விடயம்.

நியூயோர்க்கின் கல் உருக்கினாலாயது. இரட்டைக் கோபுரங்களின் இடிபாட்டிலிருந்து ஏறத்தாழ இரண்டு இலட்சம் தொன் உருக்கு மீண்டது. அதற்கு நேர்ந்த கதியைப் பார்க்கும்போது, பண்டத்தின் மர்மத்தைப் பற்றி மார்க்ஸ் எழுதியவை கண்முன்னே நிகழ்வது போலத் தோன்றுகின்றது. பெரும்பகுதி பழைய இரும்பாக விற்கப்பட்டது. சீனத்தின் பாவோ உருக்கு நிறுவனம் 50,000 தொன் வாங்கியது. 2002இன் தொடக்கத்திற் சென்னைத் துறைமுகத்திலும் பல்லாயிரம் தொன் வந்திறங்கிற்று. அதில் அஸ்பெஸ்டஸ் முதலிய நச்சுப் பொருள்கள் படிந்திருக்கலாமெனச் சூழலியல் இயக்கத்தினர் எச்சரித்தனர். துறைமுகத் தொழிலாளிக்கு அது வெறும் சுமை. உலைக்காரனுக்கு நிறைக்கு இவ்வளவு என விலை பேசிய இரும்பு. அங்கு யாரும் அதன்முன் தலை குனியவில்லை. அதே உருக்கின் வேறு துண்டுகள், அதே காலத்தில், அமெரிக்காவின் ஊர்தோறும் பீடமேற்றப்பட்டுத் திருச்சின்னங்களாயின. ஏழரைத் தொன் தனியே எடுக்கப்பட்டு ஒரு போர்க்கப்பலின் முகப்பில் வார்க்கப்பட்டது. துருப்புக்களை அயல்நாட்டுக் கரைகளில் இறக்குதற்கென அமைக்கப்பட்ட அக்கப்பல், 'நியூயோர்க்' எனப் பெயர் பெற்று, 2009 நவம்பரிற் கடற்படையிற் சேர்க்கப்பட்டது. செங்குட்டுவன் கல்லுக்காகப் படை நடத்தினான். இவர்கள் கல்லையே படைக்கலமாக்கினர்.

2001 ஒக்டோபர் 7ஆந் திகதி ஆப்கானிஸ்தானிற் குண்டு வீச்சுத் தொடங்கியது. 2003 மார்ச்சில், செப்டெம்பர் அனர்த்தத்தில் எத்தொடர்பும் நிறுவப்படாத ஈராக் தாக்கப்பட்டது. வேர்ஜிலின் நிபந்தனை என மேலே குறிப்பிட்டது இதனையே. குவளையும் கொடியும் சட்டையும் பரப்பிய நினைவிலே 'ஏன்' என்ற சொல்லுக்கு இடமிருக்கவில்லை. இருந்திருக்குமாயின் அப்போர்களை இத்துணை எளிதில் விற்றிருக்க முடியாது.

இறந்தோர் யாவர் என்பதையும் பண்டம் மறைத்தது. தொண்ணூறுக்கும் மேற்பட்ட நாடுகளைச் சேர்ந்தோர் அன்று மடிந்தனர். வடக்குக் கோபுரத்தின் 106ஆம், 107ஆம் மாடிகளில் ஒரு பெரும் உணவுச்சாலை இருந்தது. அன்று காலை அங்கே பணியிலிருந்த 73 தொழிலாளர் இறந்தனர். சமையற்காரரும், பாத்திரங் கழுவுவோரும், பரிமாறுவோரும் அவருள் அடங்குவர். இலத்தீன் அமெரிக்க நாடுகளிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் பிழைப்புத் தேடி வந்தோர் அவர்களிற் பலர். குவளையிற் பறக்கும் கழுகும் கொடியும் இவர்களை எவ்வாறு குறிக்கும்?

வெண்கலத்திலே இவர்களின் பெயர் பங்குத் தரகரின் பெயரோடு ஒத்த அளவில் நிற்கின்றது. காசோலையில் அவ்வாறில்லை. 2001 செப்டெம்பர் 22ஆந் திகதி நிறைவேறிய சட்டத்தின் கீழ் நட்ட ஈட்டு நிதியம் ஒன்று அமைந்தது. அச்சட்டத்தின் முதன்மை நோக்கம் விமானக் கம்பனிகளைக் காத்தலாகும். அவற்றுக்கு 1,500 கோடி டொலர் அளவில் நேருதவியும் கடனுக்கான உத்தரவாதமும் அது வழங்கியது. அவற்றின்மீது வழக்கு வந்தாற் செலுத்தவேண்டிய தொகைக்கு எல்லையும் வகுத்தது. நட்ட ஈடு பெறும் குடும்பத்தார் அக்கம்பனிகளின் மீது வழக்குத் தொடரும் உரிமையைக் கைவிடவேண்டும். சற்றேறக்குறைய எல்லாக் குடும்பங்களும் நிதியத்தையே நாடின. தொகை எவ்வாறு கணிக்கப்பட்டது? இறந்தவர் உயிரோடிருந்தால் வாழ்நாளில் எவ்வளவு உழைத்திருப்பார் என்பது பிரதான அளவாகக் கொள்ளப்பட்டது. ஆகவே ஒரு சாவுக்கு இரண்டரை இலட்சம் டொலர், மற்றொரு சாவுக்கு எழுபது இலட்சத்துக்கும் மேல். நிதியத்தை நடத்திய கெனத் பைன்பேர்க் என்னும் சட்டத்தரணி கொடியவரல்லர். தம் கடமையை அக்கறையுடன் செய்தவர். இனி இத்தகைய நிதியம் அமையுமாயின் எல்லா உயிர்க்கும் ஒரே தொகை வழங்கப்படுவதே தகும் எனப் பின்னாளில் அவரே எழுதினார். நல்ல மனிதர் ஒருவரின் கையாலும் சந்தை தன் கணக்கையே எழுதிக்கொள்கின்றது.

அவ்வுணவுச்சாலையின் உயிர் தப்பிய ஊழியர் கதை இன்னும் பயன்தருவது. வேலையிழந்த அவர்கள் 2002இல் ஒரு தொழிலாளர் அமைப்பைத் தொடங்கினர். பழைய முதலாளி அவ்வாண்டிலேயே நகரின் வேறிடத்திற் புதிய உணவுச்சாலை திறந்தபோது, தம்மிற் பலருக்கு அங்கு இடமில்லையெனக் கண்டு வாசலில் மறியல் செய்தனர். மேலும் சிலருக்கு வேலை பெற்றனர். 2006இல் தாமே பங்காளராய்க் கூட்டுறவு உணவுச்சாலை ஒன்றையும் திறந்தனர். அது நெடுங்காலம் நிலைக்கவில்லை. ஆயினும் மடிந்த தோழரை நினைவுகூர்தற்குத் தொழிலாளர் கண்ட வழி சங்கமும் மறியலுமாயிருந்தமை, முதலாளித்துவப் பத்திரிகைகளின் ஆண்டு நிறைவுச் சிறப்பிதழ்களில் அரிதாகவே இடம்பெற்ற செய்தியாகும்.

இடிபாடுகளை அள்ளியோர் நிலையும் இதுவே. பங்குச் சந்தை திறந்த மறுநாள், செப்டெம்பர் 18ஆந் திகதி, அவ்விடத்துக் காற்றைச் சுவாசிப்பதில் ஆபத்தில்லையெனச் சூழற் பாதுகாப்புத் திணைக்களத்தின் தலைவி அறிவித்தார். அவ்வாறு கூறப் போதிய ஆதாரமிருக்கவில்லை என்பதும், எச்சரிக்கை வாசகங்களை நீக்குவதில் வெள்ளை மாளிகையின் கை இருந்தது என்பதும் 2003இல் அத்திணைக்களத்தின் உள்ளகப் பரிசோதகரது அறிக்கையில் வெளிவந்தன. அன்றைய தினம் 343 தீயணைப்பு வீரர் மடிந்தனர். அவர்களின் உருவம் பதித்த பொம்மை, சட்டை, தொப்பி ஆகியவற்றுக்கு அளவேயில்லை. அந்தத் தூசியால் விளைந்த நோயினாற் பின்னர் இறந்த தீயணைப்பு வீரர் தொகையும் 2023 செப்டெம்பரில் 343ஐ எட்டிற்று. நோயாளரின் மருத்துவச் செலவை ஏற்பதற்கான சட்டம் 2011 ஜனவரி வரை கையொப்பமாகவில்லை. அச்சட்டத்திற்காக இருமிக்கொண்டே அவர்கள் வாஷிங்டனின் படிகளை ஏறியிறங்கிய ஆண்டுகளெல்லாம், வீரரின் சட்டை விற்பனையில் இருந்தது.

தூரத்து நாட்டின் கதையை நாம் ஏன் படிக்கவேண்டும் என இலங்கை வாசகர் கேட்கமாட்டார் என நம்புகின்றேன். கண்டி வீதி வழியே கிளிநொச்சியைக் கடந்தோர் அறிவர். 2009இன் தொடக்கத்தில் வீழ்த்தப்பட்ட பெரும் நீர்த்தாங்கி, போர் முடிந்த பின் உல்லாசப் பயணிகள் இறங்கி நின்று படமெடுக்கும் காட்சிப் பொருளாயிற்று. அதனருகே நினைவுப் பொருட் கடையொன்றும் எழுந்தது. அதே ஆண்டுகளில், முள்ளிவாய்க்காலில் இறந்தோர்க்கு ஒரு விளக்கேற்ற முயன்ற உறவினர் தடுக்கப்பட்டனர். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், கடையை வெறுஞ் சுவைக்கேடு என ஒதுக்கிவிட மனம் வராது.

வஞ்சிக்காண்டத்தின் இறுதியிற் கண்ணகி விழாவுக்கு வந்திருந்த மன்னருள் இலங்கைக் கயவாகுவும் ஒருவன் என்பர். கயவாகு கல்லைக் கண்டு திரும்பியவன். ஆனால் நம் கீழ்க் கரையின் மக்கள் பேணியது கல்லை அன்று. மட்டக்களப்பின் கண்ணகையம்மன் கோயில்களில் வைகாசிச் சடங்கின்போது படிக்கப்படும் ஏட்டின் பெயர் 'கண்ணகி வழக்குரை'. சேரனின் வடதிசைப் படையெடுப்பிற்கு அங்கு முதன்மையில்லை. சிலம்பைக் கையிலேந்தி அரசனைக் கேட்ட கேள்வியே ஆண்டுதோறும் ஊர் கூடி இருக்கப் படிக்கப்படுகின்றது. ஏட்டுக்குப் பெயரிட்டவன் பண்டிதனோ பாமரனோ, இலக்கிய விமரிசனம் அறிந்தவன்.

நியூயோர்க்கிலும் வழக்குரைத்தவர் இருந்தனர். நியூ ஜேர்சி மாநிலத்து விதவையர் நால்வர், இவ்வனர்த்தம் நிகழ அரசு எவ்வாறு இடமளித்தது என்பதை விசாரிக்கச் சுதந்திரமான ஆணைக்குழு வேண்டுமென வாஷிங்டனுக்கு ஓயாது நடந்தனர். அரசு தொடக்கத்தில் உடன்படவில்லை. 2002 நவம்பரில் ஆணைக்குழு அமைந்தது; 2004 ஜூலையில் அறிக்கை வந்தது. தாம் கேட்டவற்றுட் பலவற்றுக்கு அதில் விடையில்லை என அவர்கள் கூறினர். காங்கிரசின் முந்திய விசாரணையிலே சவூதி அரேபியா தொடர்பான 28 பக்கங்கள் மறைக்கப்பட்டு, 2016 ஜூலையிலேயே வெளியிடப்பட்டன. அதுவும் சில வரிகள் கறுப்பு மை பூசப்பட்டு.

அந்த 2002ஆம் ஆண்டின் ஜனவரியிலே, கோபுரங்களிலும் விமானங்களிலும் தம்மவரை இழந்த சிலர் காபூலுக்குச் சென்றனர். அமெரிக்கக் குண்டுகளிற் பிள்ளைகளையும் பெற்றோரையும் இழந்த வீடுகளுக்குப் போய், அவர்களோடு நிலத்தில் அமர்ந்து, ஒருவருக்கொருவர் இறந்தோரின் படங்களைக் காட்டிக்கொண்டனர். மறு மாதம், எமது துயரம் போருக்கு முழக்கமாகலாகாது என்ற நிலைப்பாட்டுடன் போரெதிர்ப்பு அமைப்பொன்றை உறவினர் தொடங்கினர். தமக்கு நட்ட ஈட்டு நிதியம் அமைத்த அரசு, தான் கொன்ற ஆப்கானியக் குடும்பங்களுக்கும் ஒரு நிதியம் அமைக்கவேண்டுமென்று வாஷிங்டனிற் காங்கிரஸ் உறுப்பினரின் அலுவலகங்களுக்கு ஏறி இறங்கிக் கேட்டனர். அக்கோரிக்கையை அச்சிட்ட குவளை எதுவும் அக்கடையில் விற்கப்படவில்லை.